முப்பத்தொரு லிட்டர்

திறக்காமலே சொல்லிவிடுவேன், இது அவர் செய்த பெட்டி. பின்பக்கத்து ஸ்டிக்கரில் ஏதோ ஆங்கிலப் பேர் போட்டிருக்கிறது, போடட்டும். ஓரத்தை இப்படி உருட்டிவிட்டு, அதற்கப்புறமும் மனசு கேட்காமல் உப்புத்தாளை வைத்து இன்னும் நாலு இழுப்பு இழுத்து, மூலையில் மட்டும் கொஞ்சம் கூர் விட்டுவைக்கிற ஆள் ஈரோட்டிலிருந்து திருப்பூர் வரை ஒருத்தர்தான். அந்த ஒருத்தரோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவள் நான். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு தோள்பையையும் மர ஓரத்தை உருட்டுகிற ரூட்டர் மிஷினையும் எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனார். பையை மட்டும் எடுத்திருந்தால் கோபம் என்று நினைத்திருப்பேன், ரூட்டரையும் தூக்கியபோது தெரிந்துவிட்டது, திரும்புகிற எண்ணம் இல்லை. பதினோரு மணிக்கு இதைக் கொண்டுவந்து பழைய ஜமுக்காளத்தின் மேல் இறக்கிவிட்டுப் போன அஸ்கருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் தாராபுரத்துக்காரர், சவுண்ட் சர்வீஸ் ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பவானியில் ஒரு அக்கா பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்குச் சுருதி பார்த்துக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறார். பாட்டு சாதாரணமாக ஓடும்போது ஒன்றும் இல்லையாம், அடிமட்டச் சத்தம் வருகிற இடத்தில் ஸ்பீக்கர் படபடவென்று அடித்துக்கொள்கிறதாம், ஒரு ஸ்பீக்கர் ஏற்கெனவே கிழிந்து மாற்றியாயிற்றாம், செய்தவரைக் கேட்டால் பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் ஆம்ப்ளிஃபயர் சரியில்லை என்கிறாராம். என்கிறாராம் என்று அவர் சொன்னபோதே எனக்கு அந்தக் குரல் கேட்டது, கன்னத்தைச் சொறிந்துகொண்டு எங்கோ பார்த்தபடி பேசுகிற குரல். போகும்போது வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அஸ்கர் சொன்னார்: “நாளைக்குக் காங்கேயத்துல கல்யாணம்க்கா. இது சரியாகலீன்னா ஆர்டர் குடுத்த மீதி மூணு பெட்டியும் வேண்டாம்னு சொல்லிப்போட்டு, எங்க சவுண்டுக்காரங்க குரூப்புல அந்தாளு பேரைப் போட்டு எழுதீருவேன்.” மூன்று மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரிங்க தம்பி என்றேன். அந்தாளு என்று அவர் சொன்னதற்கு எனக்கு ஏன் சுருக்கென்றது என்று தெரியவில்லை. நான் இந்த ஐந்து மாதமாக அதைவிட மோசமான வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. அவர்கள் சாப்பிடப் போகும்வரை அந்தச் சத்தம் நிற்காது, எனக்கு அது தொந்தரவும் இல்லை, பேஸ் பார்க்கிறவளுக்குக் காதைவிடக் கண்தான் முக்கியம். பெட்டியை மல்லாத்திப் போட்டாயிற்று, ஸ்பீக்கர் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது, பதினெட்டு இஞ்ச், ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி. சமையலறையிலிருந்து கடுகு டப்பாவை எடுத்துவந்து ஸ்பீக்கரின் நடுக் குமிழ் மேல் ஒரு சிட்டிகை தூவுகிறேன். இது அவர் சொல்லிக்கொடுத்தது. இதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும், இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த கையெல்லாம் அவர் கை, கணக்கு மட்டும்தான் நான். கல்யாணமாகி வந்த புதிதில், பேஸ் பெட்டி என்றால் மரப்பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரம் வெறும் தோலு சாந்தா, உள்ளே அடைபட்டிருக்கிற காற்றுதான் பெட்டி என்றார். முன்பக்கம் அடியில் நீளவாக்கில் ஒரு வாய் விட்டிருப்பார்கள், அதற்குப் போர்ட் என்று பேர். உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது, அந்த வாய் எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது, இந்த இரண்டும் சேர்ந்து பெட்டிக்கு ஒரு சுருதி நிற்கும். அந்தச் சுருதியில் ஒற்றைச் சத்தமாக டோன் கொடுத்தால் ஸ்பீக்கர் கிட்டத்தட்ட அசையாது, கடுகு அப்படியே உட்கார்ந்திருக்கும், ஆனால் போர்ட்டிலிருந்து காற்று குபுகுபுவென்று வரும், சத்தம் முழுக்க அதிலிருந்துதான். அதற்குக் கீழே இறங்கினால் காற்று கையை விட்டுவிடும். ஸ்பீக்கருக்குப் பிடிமானமே இருக்காது, தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டு அடித்துக்கொண்டு கிழிந்துபோகும். முதல் தடவை அவர் எனக்கு இதைக் காட்டியபோது என் கையைப் பிடித்துப் போர்ட் முன்னால் வைத்தார். கல்யாணமாகிப் பதினோரு நாள். பட்டப்பகலில், ஷெட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தறிக்காரர் வீட்டு அம்மா பார்க்கப் பார்க்க. இப்போது அந்தக் கையை நான் எங்கே வைப்பது.

செல்போனில் டோனை வைத்து ஆம்பைத் திறந்துவிட்டு, டோனை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறக்குகிறேன். அறுபதில் கடுகு பொரிகிற மாதிரி துள்ளுகிறது. ஐம்பத்தைந்தில் துள்ளுகிறது. ஐம்பதில் அடங்கப் பார்க்கிறது. ஸ்டிக்கரில் நாற்பது ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறார், கொட்டை எழுத்தில். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்துநாலில் ஒரு கடுகுகூட நகரவில்லை, போர்ட்டிலிருந்து வந்த காற்றில் ஜமுக்காளத்து ஓரத்து நூல் ஆடுகிறது. நாற்பத்துநாலு. நாற்பதுக்கு வைத்த பெட்டி நாற்பத்துநாலில் நிற்கிறது. இன்னும் கீழே இறக்குகிறேன், நாற்பத்தொன்று, நாற்பது, குமிழ் மேலே கீழே என்று குதிக்க ஆரம்பித்துக் கடுகு எல்லாப் பக்கமும் தெறித்து என் மடியில் விழுகிறது. நிறுத்திவிட்டேன். எங்கே தப்பு என்று தேடவே வேண்டியதில்லை. அளவுகோலை எடுத்து வெளியளவு பார்த்து, பலகைக் கனத்தைக் கழித்து, உள்ளே ஐம்பதுக்கு அறுபதுக்கு அறுபது, நூற்றெண்பது லிட்டர். நூற்றெண்பது லிட்டருக்குப் போர்ட் கணக்குப் போட்டால் சரியாக நாற்பதுதான் வரும். போட்டிருக்கிறார், அழகாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் நூற்றெண்பது லிட்டர் காற்று அதில் எங்கே இருக்கிறது. ஸ்பீக்கரின் முதுகும் காந்தமும் உள்ளேதானே தொங்குகிறது, அது ஒரு ஒன்பது லிட்டர். பெட்டி அதிராமல் இருக்க உள்ளே அடித்த குறுக்குச் சட்டங்கள் ஏழேகால். போர்ட்டே உள்ளேதானே இருக்கிறது, அதன் பலகையும் அதற்குள் இருக்கிற இடமும் பதினாலே முக்கால். முப்பத்தொரு லிட்டர். உள்ளே இருக்கிற பொருள்கள் அடைக்கிற இடத்தைக் கழிக்க வேண்டும், கழித்த மிச்சம்தான் காற்று. இந்தக் கழிவை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. தெரியாமல் இல்லை, அவருக்குத் தெரியும், ஆனால் மறந்துவிடுவார், வெற்றுப் பெட்டியை நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதற்குள் என்னென்ன வரப்போகிறது என்பது மறந்துபோகும். இருபத்திரண்டு வருஷம் அவர் மறந்ததெல்லாம் வெளியே தெரியவில்லை, ஏனென்றால் பின்னால் நான் இருந்தேன்.

அந்தப் பின்னால் என்பதுதான் பிரச்சனை என்று இப்போது தோன்றுகிறது, நான் பின்னால் இருந்திருந்தால் பரவாயில்லை, எங்கே பின்னால் இருந்தேன். பிளஸ் டூவில் கணக்கில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றுநாலு, அதோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அந்த நூற்றுத் தொண்ணூற்றுநாலையும் இந்த மனுஷன் மேலேயே செலவழித்திருக்கிறேன். திருத்துவதைப் பெட்டியில் ஆரம்பித்தேன், சரி, அது தொழில். அப்புறம் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பீன்ஸுக்கு நார் எடுக்கிற மாதிரி அவர் சொல்கிற ஒவ்வொன்றிலும் ஒரு நாரை உருவாமல் விட்டதில்லை. போன வாரம் என்பார், முந்தின வாரம் என்பேன். பதினைந்து பேர் வந்தார்கள் என்பார், பன்னிரண்டு என்பேன். நான் சொன்னது சரிதான், எப்போதும் சரிதான், இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் பார். கோபியிலிருந்து கோயில் கமிட்டிக்காரர்கள் வந்த அன்றைக்கு, நாற்காலியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், தண்டபாணி அண்ணன் பெட்டி என்றால் தனிதான் என்று ஒருத்தர் இவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், இவர் பெட்டியைத் தட்டி இது முப்பத்தெட்டுக்கு நிற்கும் என்றார். நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை, நாற்பத்திரண்டு என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி யார் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று அந்த ஆள் சொன்னார், இவரும் சிரித்தார். அன்று மதியம் பாதிச் சோற்றில் கை கழுவினார். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். எனக்கு அது அப்போது தெரியவே இல்லை என்று சொன்னால் பொய், தெரிந்தது, தெரிந்தும் நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டுதானே என்று இருந்துவிட்டேன்.

போகிற அன்றைக்கு நான் கத்தினேன், அவர் கத்தவில்லை. யார் அவள் என்றேன், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் என்றார், வயசு நாற்பது, புருஷன் இல்லை. கோயில் திருவிழாவில் இவர் பெட்டி பக்கத்தில் நின்று பாட்டுக் கேட்டாளாம், நெஞ்சுக்குள்ளே அடிக்கிற மாதிரி இருக்கிறது, எப்படிங்க செய்கிறீர்கள் என்று கேட்டாளாம். எப்படிச் செய்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லையா. கேட்டதில்லை. எனக்குத்தான் தெரியுமே. நான் அன்று வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, என்னிடம் என்ன குறை சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன், ஏதாவது சொல்வார், அதில் ஒரு தப்பைப் பிடித்து அவரை நிறுத்திவிடலாம் என்றுதான் நின்றேன், வேறு எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “உன்ர மேல குறை ஒண்ணுமில்ல சாந்தா. உன்ர கூட இருந்தா நா எப்பவுமே தப்புத்தான். அவ்வளவுதான்.” அதில் பிடிக்கத் தப்பு ஒன்றும் இல்லை. வாசற்படியை விட்டு நகர்ந்துவிட்டேன். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், இரண்டு பேரிடமும் பேசுகிறாள், இரண்டு பேரைப் பற்றியும் பேசுவதில்லை. குணத்தில் அவள் என் பிள்ளை இல்லை, அவர் பிள்ளை, அதனால்தான் அந்த நாசூக்கு.

மணி பன்னிரண்டரை. இப்படியே விட்டுவிடலாமே. பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, ஆம்பைப் பாருங்கள் என்று நானும் சொல்லிவிடலாம், அதைத்தானே அவரும் சொன்னார், வாழ்க்கையில் ஒரு தடவை புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பேச்சாக இருந்த மாதிரி இருக்கும். நாளைக்குக் காங்கேயத்தில் ஸ்பீக்கர் கிழியும், குரூப்பில் பேர் வரும், அவர் பேர் போகும், அவளுக்கும் தெரியும் எப்படிச் செய்கிறார் என்று. இதை நினைத்தவுடன் ஒரு சந்தோஷம் வருகிறது, வந்த வேகத்திலேயே கசந்துபோகிறது. ஐம்பத்தொரு வயசில் புதிய ஊரில் அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் சோறு சாப்பிட வேண்டும். வேறு எதுவும் தெரியாது அவருக்கு, கேஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாது. சரி, சரி செய்கிறேன் என்றால், மறுபடியும் அதேதான், திருப்பூருக்குப் போய் ஒளிந்துகொண்ட பிறகும் தேடிக்கொண்டு போய் நாற்பது இல்லை நாற்பத்துநாலு என்று சொல்கிற மாதிரி. அஸ்கர் போய்ச் சொல்வார், பவானி அக்கா பார்த்தார்கள், உங்கள் கணக்குத் தப்பாம் என்பார். அவர் கன்னத்தைச் சொறிந்துகொள்வார். அவள் பக்கத்தில் நிற்பாள். என்ன செய்தாலும் நான் அவரை ஏதோ ஒரு விதத்தில் அடிக்கத்தான் போகிறேன், கையால் இல்லாவிட்டால் கணக்கால். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விஷயத்தில், தப்பாக இருக்கிற அவரை அப்படியே ஏற்றுக்கொண்டு பக்கத்தில் உட்கார எனக்குத் தெரிந்திருந்தால்.

போர்ட்டை நீளமாக்கினால் சுருதி இறங்கும், அதுதான் வைத்தியம், உள்பக்கம் ஒரு பலகை சேர்க்க வேண்டும். அதற்கு ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் உள்ளே பார்க்க வேண்டும், அதுதான் எனக்குப் பயம், பன்னிரண்டரை மணியிலிருந்து நான் சுற்றிச் சுற்றி வருவது இதைத்தான். பெட்டியை மூடுவதற்கு முன்னால் பின்பலகையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுவது அவர் வழக்கம். எத்தனை லிட்டர், எத்தனை ஹெர்ட்ஸ், தேதி, அதற்குக் கீழே இரண்டு எழுத்து, த, சா. யாரும் பார்க்கப் போவதில்லை, பெட்டி உடைகிற அன்றைக்குத்தான் வெளியே தெரியும். கோயில் உண்டியல் மாதிரி என்பேன், சிரிப்பார். நானூறு ஐந்நூறு பெட்டி இருக்கும், எந்தெந்த ஊரிலோ எந்தெந்தத் திருவிழாவிலோ அதிர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் வயிற்றிலும் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். இதில் த இருக்கும். பக்கத்தில் எந்த எழுத்து இருக்கும். அவள் பேர் எனக்குத் தெரியும், தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தேன், மகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்த எழுத்தை அவர் கையெழுத்தில் நான் பார்க்க மாட்டேன். ஸ்பீக்கரைக் கழற்றாமலே வெளிப்பக்கமாக ஒரு பலகையை ஒட்டிப் போர்ட்டை முன்னால் நீட்டிவிட்டால் என்ன. சுருதி இறங்கிவிடும், காற்றுக்கு உள்ளென்ன வெளியென்ன. ஆனால் பல் துருத்தின மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கிறவன் எல்லாம் கேட்பான், இது என்ன ஒட்டு என்று. உருட்டி உருட்டி இழைத்த ஓரத்தின் மேல் என் ஒட்டுப்பலகை. அது குரூப்பில் எழுதுவதைவிட மோசம்.

ஸ்பேனரை எடுத்துவிட்டேன். எட்டு போல்ட். எதிரெதிராகத் தளர்த்த வேண்டும், வரிசையாகத் தளர்த்தினால் சட்டம் கோணும். ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு. தறிச் சத்தம் நின்றுவிட்டது, சாப்பிடப் போய்விட்டார்கள், நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஸ்பீக்கர் பதினோரு கிலோ, அவர் இருந்தால் ஒரு பக்கம் பிடிப்பார், முட்டியை ஊன்றித் தூக்கி ஓரமாகக் கவிழ்த்து வைக்கிறேன், இடுப்பில் ஒரு நரம்பு பிடித்துக்கொள்கிறது. உள்ளேயிருந்து பசையும் புது மரத்தூளும் கலந்த வாசனை வருகிறது. அது அவர் சட்டை வாசனை. இதற்கு நான் தயாராக இல்லை, எழுத்துக்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன், டார்ச்சைப் போடாமல். யாராவது பார்த்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள் என்று நினைப்பார்கள். பிறகு டார்ச்சைப் போட்டேன். குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால், அவர் எப்போதும் எழுதுகிற இடது மூலையில், பென்சில். 180 லிட்டர். 40. தேதி, போன மாதம் ஒன்பதாம் தேதி. எழுத்து ஒன்றும் இல்லை. த இல்லை, சா இல்லை, அவள் எழுத்தும் இல்லை. அப்பாடா என்று தலையை வெளியே எடுக்கப் போனவள், சட்டத்தின் நிழலில் இன்னும் ஒரு வரி இருப்பதைப் பார்த்து டார்ச்சைச் சாய்த்தேன். கழிவு என்று எழுதி, ஒரு கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் சாந்தாவைக் கேட்கணும் என்று எழுதியிருக்கிறார். அதன் மேல் குறுக்காக ஒரே ஒரு அடி அடித்திருக்கிறார். அழிக்கவில்லை, அடித்திருக்கிறார், பேர் நன்றாகத் தெரிகிறது.

டார்ச்சை அணைத்துவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். மறக்கவில்லை அவர். கழிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்திருக்கிறது. பென்சிலோடு உட்கார்ந்து, பழக்கத்தில் என் பேரை எழுதி, எழுதின பிறகுதான் நான் அங்கே இல்லை என்று தெரிந்திருக்கிறது. போனை எடுத்திருப்பாரா. எடுத்திருப்பார், என் நம்பரைப் பார்த்திருப்பார், பார்த்துவிட்டு வைத்திருப்பார். என்னைக் கேட்பதைவிடத் தப்பாகவே இருந்துவிடலாம் என்று அந்த அடியை அடித்திருக்கிறார். அந்த அளவுக்கு நான் செய்திருக்கிறேன். ஒரு சின்னக் கூட்டல் கழித்தல், மூன்று நிமிஷம், மகளைக் கேட்டால்கூடச் சொல்லுவாள். அதைக் கேட்க முடியாதபடி ஒரு மனுஷனை ஆக்கியிருக்கிறேன். இது எனக்கு வலிக்கிறது, அவர் போன அன்று வலித்ததைவிட வலிக்கிறது, அன்று நான் அவரை ஏசிக்கொண்டே அழுதேன், இன்றைக்கு ஏச ஆள் இல்லை. எழுந்து பலகை அறுக்கிறேன், கை வேறு என்ன செய்யும். எட்டேகால் சென்டிமீட்டர் நீட்டினால் நாற்பது வந்துவிடும், ஆனால் நீட்டுகிற பலகையும் போர்ட்டின் கூடுதல் இடமும் உள்ளேதான் இருக்கும், அதுவும் காற்றைத் தின்னும், அதையும் கழித்தால் பதினொன்று. சரி செய்ய வைக்கிற பலகையும் இடத்தை அடைக்கத்தான் அடைக்கிறது. பசை தடவி, நாலு ஸ்க்ரூ முடுக்கி, சந்தில் காற்றுப் போகாமல் பூசி, எல்லாம் அந்த வட்ட ஓட்டைக்குள் தோள் வரை கையை விட்டு, கன்னம் பெட்டி மேல் அழுந்த. முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன், இது மறுபடியும் அதே நாற்பத்திரண்டா என்று. இல்லை. இத்தனை வருஷமும் அவர் கேட்பதற்கு முன்னால் சொன்னேன். இதை அவர் கேட்டிருக்கிறார். அடித்தாலும் கேட்டது கேட்டதுதான். கோட்டுக்கு நேராக, முடிந்தவரை சின்ன எழுத்தில் 31 என்று எழுதினேன். சேர்த்த பலகைக்கு 5.4. வேறொன்றும் எழுதவில்லை. அடித்த வரியை விரலால் ஒரு தடவை தொட்டேன், கரி விரலில் ஒட்டியது.

ஸ்பீக்கரை வைத்து எட்டு போல்ட்டையும் எதிரெதிராக முடுக்கியபோது மணி இரண்டே முக்கால். புதிதாகக் கடுகு தூவினேன். ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பத்துநாலில் மெல்லத் துள்ளுகிறது, நல்லது, துள்ளட்டும். நாற்பத்திரண்டு. நாற்பதில் கடுகு அத்தனையும் உட்கார்ந்துவிட்டது, ஒரு மணிகூட நகரவில்லை, நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறேன். ஆம்பைக் கூட்டினேன். தகரக் கூரை அதிர்கிறது, டப்பாவில் ஸ்க்ரூவெல்லாம் கலகலக்கிறது, ஸ்பீக்கர் அசையாமல் கிடக்கிறது. கையைப் போர்ட் முன்னால் நீட்டினேன். நல்ல காற்று. யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுகிற மாதிரி வெதுவெதுப்பெல்லாம் இல்லை, வெறும் காற்று, நல்ல பலமான காற்று. அவர் செய்த வாய், நான் போட்ட நீளம். எங்கள் பெட்டி எப்போதும் இப்படித்தான் இருந்தது. நிறுத்துவதற்கு மனசே வரவில்லை, வாசலில் ஹாரன் கேட்டு நிறுத்தினேன்.

அஸ்கர் பாட்டுப் போட்டுக் கேட்டார், இரண்டு தடவை கேட்டார், முகமெல்லாம் பல். இறங்குகிறது, அடிக்கவே இல்லை, எங்கேக்கா தப்பு இருந்தது என்றார். பதில் நாக்கு நுனியில் இருந்தது, முப்பத்தொரு லிட்டர், நூற்றுத் தொண்ணூற்றுநாலு மார்க் வாங்கின நாக்கு. “பெட்டியில தப்பே இல்லீங்க தம்பி,” என்றேன். “வண்டியில வந்ததுல உள்ள ஒரு பலகை ஆடிப்போயிருந்துச்சு, முடுக்கிட்டேன். நல்லா செஞ்சிருக்காரு. மீதி மூணையும் அவர்கிட்டயே வாங்கிக்குங்க.” அஸ்கர் தலையாட்டினார். மூன்றையும் ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே அந்தப் பலகையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். சரிங்கக்கா என்றார். பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு ஞாபகம் வந்து திரும்பினார்.

“யார் பாத்ததுன்னு கேட்டா உங்க பேரைச் சொல்லட்டுங்களாக்கா?”

“அவர் கேக்க மாட்டாருங்க,” என்றேன்.

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசற்படியில் நின்றேன். பிறகு உள்ளே வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கடுகைப் பொறுக்க ஆரம்பித்தேன், நூல் சந்தில் எல்லாம் போய் உட்கார்ந்திருந்தது, ஒவ்வொன்றாக நகத்தால்தான் எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று தெரிந்த பிறகு அழுதேன்.